ஆளைவிட ஆயுதம் அதிகம்! அமெரிக்கத் துப்பாக்கி உலகம்: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

ஒரு நாட்டில் மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம் என்றால் நம்புவீர்களா? அதே நாட்டில் மூன்றில் இரண்டு பேரிடம் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது என்றால்? கௌபாய் படங்களில் வரும் ஊர்களில் துப்பாக்கியோடு நடமாடவே தடை இருந்தது என்றால்?

‘அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு’ என்ற தலைப்பை அடிக்கடி படிக்கிறோம். அந்தத் துப்பாக்கிகளை வாங்கி வீட்டில் வைத்திருக்கும் கோடிக்கணக்கான மனிதர்களைப் பற்றி அபூர்வமாகத்தான் படிக்கிறோம். அவர்கள் யார்? எதற்காக வாங்குகிறார்கள்? எதைக் கண்டு பயப்படுகிறார்கள்? கடைசியில் அந்தத் துப்பாக்கி யாருடைய உயிரை எடுக்கிறது? சமூகவியலாளர்கள் பல ஆண்டுகளாகத் தோண்டி எடுத்த பதில்கள் ஒவ்வொன்றும் தூக்கிவாரிப் போடுகின்றன. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஆளுக்கொன்று கொடுத்தாலும் கோடிக்கணக்கில் மிச்சம்!

ஜெனீவாவில் இருக்கும் ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ என்ற ஆய்வு அமைப்பு 2018-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. அமெரிக்கப் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 39 கோடியே 30 லட்சம்! அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 32.6 கோடி. தொட்டில் குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை ஆளுக்கொன்று கொடுத்தாலும் 6 கோடிக்கு மேல் மிஞ்சும். 100 பேருக்கு 120 துப்பாக்கிகள்! இரண்டாம் இடத்தில் இருக்கும் ஏமனில்கூட 100 பேருக்கு 53-தான். உலக மக்களில் அமெரிக்கர்கள் வெறும் 4 சதவீதம். ஆனால் உலகெங்கும் பொதுமக்கள் வைத்திருக்கும் துப்பாக்கிகளில் 46 சதவீதம் அவர்களிடம்!

இன்னொன்றைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். உலகத்து ராணுவங்கள் அத்தனையும் சேர்ந்து வைத்திருக்கும் துப்பாக்கிகள் 13 கோடியே 30 லட்சம் என்கிறது அதே ஆய்வு. அமெரிக்க வீடுகளின் அலமாரிகளிலும் மேசை இழுப்பறைகளிலும் இருப்பது அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு!

பாதித் துப்பாக்கிகள் 3 சதவீதம் பேரிடம்!

அப்படியென்றால் எல்லா அமெரிக்கர்களும் துப்பாக்கியும் கையுமாகத் திரிகிறார்களா? இல்லவே இல்லை! பியூ ஆய்வு மையம் 2023-ல் கேட்டபோது, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்றவர்கள் 32 சதவீதம் பேர்தான். கிராமத்தில் இருப்பவர்களில் 47 சதவீதம். நகரத்தில் 20 சதவீதம். ஆண்களில் 40, பெண்களில் 25. குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்பவர்களில் 45; ஜனநாயகக் கட்சிப் பக்கம் 20.

அதைவிட ஆச்சரியம் இது: ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் நாடு தழுவிய ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். நாட்டில் உள்ள துப்பாக்கிகளில் பாதி, வயதுவந்தோரில் வெறும் 3 சதவீதம் பேரிடம் குவிந்திருந்தது! அவர்களிடம் சராசரியாக ஆளுக்கு 17. ஒருபுறம் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்றை மட்டும் துணியில் சுற்றி வைத்திருக்கும் குடும்பம். மறுபுறம் தனி அறையில் இரும்பு அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கும் சேகரிப்பாளர். இருவரையும் ‘துப்பாக்கிக்காரர்’ என்று ஒரே பெயரால் அழைத்தால் நமக்கு எதுவுமே புரியாது.

மாநிலத்துக்கு மாநிலமும் வேறு உலகம்தான். மொண்டானாவிலும் வயோமிங்கிலும் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் துப்பாக்கி உண்டு. நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ஹவாயில் அப்படிப்பட்ட வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கௌபாய் ஊரில் துப்பாக்கிக்குத் தடை!

குதிரையில் வந்து இறங்குவார், இடுப்பில் ரிவால்வர், கண்ணிமைக்கும் நேரத்தில் ‘டுமீல்’! இதுதானே நமக்குத் தெரிந்த கௌபாய்? உண்மை தலைகீழ்! கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில், 1870-களின் இறுதியில், துப்பாக்கி எடுத்துச் செல்வது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது என்ற பலகை நடுத்தெருவில் நின்றது. அந்தப் பலகையின் புகைப்படம் இன்றும் இருக்கிறது!

அரிசோனாவின் டூம்ஸ்டோனில் இன்னும் கறார். ஊருக்குள் வந்ததும் துப்பாக்கியை விடுதியிலோ குதிரை லாயத்திலோ ஒப்படைத்துவிட வேண்டும், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். 1881 அக்டோபர் 26-ம் தேதி அங்கே நடந்த ‘ஓ.கே. கொரால்’ மோதலை ஹாலிவுட் எத்தனை முறை படமாக எடுத்திருக்கிறது! அந்த மோதல் எதனால் வந்தது தெரியுமா? துப்பாக்கியோடு ஊருக்குள் சுற்றிய கும்பலிடமிருந்து, ஊர்ச் சட்டப்படி அதைப் பறிக்கப் போனார்கள் ஊர்க் காவல் தலைவர் வர்ஜில் ஏர்ப்பும் அவர் தம்பிகளும். அரை நிமிடம்தான். மூன்று பேர் பிணமாகக் கிடந்தார்கள். துப்பாக்கிச் சுதந்திரத்தின் அடையாளமாக உலகமே நினைக்கும் சண்டை, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அமல்படுத்தப்போய் மூண்ட சண்டை!

சட்டை தைத்தவர், டைப்ரைட்டர் செய்தவர், திரைச்சீலைக் கம்பி விற்றவர்!

மேற்கு அமெரிக்காவையே வென்ற துப்பாக்கி என்று புகழப்பட்டது வின்செஸ்டர். அந்தப் பெயருக்குரிய ஆலிவர் வின்செஸ்டர் யார்? கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் ஆண்களுக்கான சட்டைத் தொழிற்சாலை நடத்தியவர்! சட்டையில் சம்பாதித்த பணத்தைத் துப்பாக்கி கம்பெனியில் போட்டார். சட்டையை உலகம் மறந்தது.

ரெமிங்டன் கதை நம் ஊருக்கே நெருக்கமானது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ‘லோயர்’, ‘ஹையர்’ பாஸ் பண்ணியவர்களுக்கு ரெமிங்டன் என்ற பெயரை மறக்க முடியுமா? உள்நாட்டுப் போர் முடிந்து ராணுவ ஆர்டர்கள் வற்றியதும், நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் இருந்த ரெமிங்டன் துப்பாக்கித் தொழிற்சாலை வேறு சரக்குகளைத் தேடியது. தையல் மெஷின் செய்தது; 1874-ல் டைப்ரைட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கைப்பேசியில் இருக்கும் ஆங்கில எழுத்து வரிசை அந்த மெஷின்கள் வழியாகத்தான் உலகெங்கும் பரவியது!

அமெரிக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பெரும்பாலும் தொங்கும் கிளாக் பிஸ்டல் அமெரிக்கச் சரக்கே கிடையாது. அதை 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய காஸ்டன் கிளாக், ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். அதற்கு முன் அவர் ஒரு துப்பாக்கியைக்கூட வடிவமைத்ததில்லை!

27 சொற்கள், 217 ஆண்டுகள்!

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-ல் வந்தது. ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொற்கள்தான். முதல் பாதி, முறையாக அமைந்த மக்கள் படையைப் பற்றிப் பேசுகிறது. மறுபாதி, மக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி. இந்த உரிமை படைக்கா, தனிமனிதருக்கா? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் ‘தனிமனிதருக்குத்தான்’ என்று தெளிவாகப் பதில் சொன்னது எப்போது தெரியுமா? 2008-ல்! 217 ஆண்டுகளுக்குப் பிறகு, 5-க்கு 4 என்ற ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில்!

வழக்கு தொடுத்தவர்களில் ஒருவர் டிக் ஹெல்லர். வாஷிங்டனில் மத்திய அரசுக் கட்டடத்தைத் துப்பாக்கியோடு காவல் காத்தவர். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், அதே நகரத்துச் சட்டப்படி அவர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. அந்த முரண்பாடே நாட்டின் சட்டத்தை மாற்றியது. அதே தீர்ப்பில், இந்த உரிமை எல்லையற்றது அல்ல என்றும் நீதிபதி ஸ்காலியா எழுதியிருக்கிறார். இரு தரப்பும் இன்றுவரை ஒரே தீர்ப்பைக் காட்டி வாதாடுவது இதனால்தான்.

என்.ஆர்.ஏ. பிறந்தது குறிபார்க்கக் கற்றுக்கொடுக்க!

துப்பாக்கி உரிமைக்காக அரசுகளையே நடுங்க வைக்கும் தேசிய ரைஃபிள் சங்கம் (என்.ஆர்.ஏ.) 1871-ல் நியூயார்க்கில் தொடங்கியது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படை வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடவே தெரியவில்லை என்று நொந்துபோன முன்னாள் அதிகாரிகள் ஆரம்பித்த பயிற்சிச் சங்கம் அது! 1934-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன அதன் தலைவர், ஆளாளுக்குத் துப்பாக்கியோடு நடமாடுவதில் தனக்கு நம்பிக்கை இல்லை, லைசென்ஸ் வேண்டும் என்றார். இன்று அதே சங்கத்தில் ஒருவர் அப்படிப் பேச முடியுமா?

எல்லாம் மாறியது ஒரே இரவில்! 1977 மே மாதம், சின்சினாட்டி நகரில் ஆண்டுக் கூட்டம். பழைய தலைமை சங்கத்தைத் தலைநகரிலிருந்து கொலராடோவுக்கு நகர்த்தி, வேட்டையும் இயற்கைப் பாதுகாப்பும் போதும் என்று இருந்துவிடத் திட்டமிட்டிருந்தது. அதை எதிர்த்த உறுப்பினர் ஹார்லன் கார்ட்டரின் ஆட்கள் விடிய விடிய வாக்கெடுப்பு நடத்தி, கூட்டம் முடிவதற்குள் தலைமையையே தூக்கிவிட்டார்கள். பொழுது விடிந்தபோது விளையாட்டுச் சங்கம் போய், அரசியல் படை பிறந்திருந்தது.

ரீகன் கையெழுத்திட்ட தடை. கிங்குக்கு மறுக்கப்பட்ட லைசென்ஸ்!

துப்பாக்கி உரிமையின் காவலராகப் பின்னாளில் கொண்டாடப்பட்ட ரொனால்ட் ரீகன், 1967-ல் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்தபோது, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திச் செல்லத் தடைவிதித்த சட்டத்தில் கையெழுத்திட்டார்! காரணம்? ‘கருஞ்சிறுத்தைகள்’ இயக்கத்தினர். ஓக்லாண்டு தெருக்களில் கறுப்பினத்தவரைப் போலீஸ் நடத்தும் விதத்தைக் கண்காணிக்க அவர்கள் துப்பாக்கியோடு ரோந்து போனார்கள். அதைத் தடுக்க மசோதா வந்ததும், 1967 மே 2-ம் தேதி சட்டமன்றத்துக்கே துப்பாக்கிகளோடு வந்து நின்றார்கள். சட்டம் மளமளவென்று நிறைவேறியது.

1956-ல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் ஒரு பாதிரியாரின் வீட்டில் குண்டு வீசினார்கள். உயிருக்கு ஆபத்து என்று துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு அவர் விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். அவர் மார்ட்டின் லூதர் கிங்! அகிம்சையில் ஊன்றிய பின்பு, வீட்டில் இருந்த துப்பாக்கியையும் அவர் விட்டொழித்தார். 1968 ஏப்ரலில் ஒரு ரைஃபிள் தோட்டாதான் அவர் உயிரைப் பறித்தது. யாருக்கு ஆயுதம், யாருக்குத் தடை என்ற கேள்விக்குள் நிறம் எப்போதும் ஒளிந்திருந்தது. 2015-ல் அட்லாண்டாவில் கறுப்பினத் துப்பாக்கி உரிமையாளர்கள் தங்களுக்கென்று தேசிய அளவில் தனிச் சங்கமே தொடங்கினார்கள்.

அந்த 1968-ல் வந்த இன்னொரு மாற்றம்: தபாலில் துப்பாக்கி வாங்குவது நின்றது. ஆம், தபாலில்! அதிபர் கென்னடியைக் கொன்ற ரைஃபிளை ஆஸ்வால்ட் பத்திரிகை விளம்பரம் பார்த்து, பொய்ப் பெயரில், சிகாகோ கடையிலிருந்து தபாலில்தான் வரவழைத்தான்.

மான் வேட்டைக்குப் பள்ளிக்கூட லீவு!

பென்சில்வேனியாவில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் நாளில் பல பள்ளிகளுக்கு விடுமுறை! நவம்பர் இறுதியை ஒட்டி, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமையாக அது நீண்டகாலம் இருந்தது. விடியலுக்கு முன்பே அப்பா, தாத்தா, பேரப்பிள்ளைகள் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். தூரத்தில் நிற்கும் இன்னொரு வேட்டைக்காரர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்கத்தான் அந்த நிறம். 2019-ல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிய பிறகும் பல ஊர்களில் திங்கட்கிழமை லீவு தொடர்கிறது. ஒரு பையன் கையில் முதல் துப்பாக்கியைக் கொடுப்பது அங்கே ‘நீ பொறுப்பானவன்’ என்று குடும்பம் தரும் சான்றிதழ். பியூவின் 2017 ஆய்வில், துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 67 சதவீதம் பேர் துப்பாக்கி இருந்த வீட்டில்தான் வளர்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்கக் காடுகளைக் காப்பாற்றியதில் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு என்பது தெரியுமா? 1937-ல் வந்த ஒரு சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. பின்னாளில் கைத்துப்பாக்கிக்கும் 10 சதவீதம். அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது! அழியும் நிலையில் இருந்த வெள்ளைவால் மானும் காட்டு வான்கோழியும் மீண்டு பெருகியதில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு.

வேட்டை போய்ப் பயம் வந்தது!

இப்போதுதான் கதையின் நடுப்புள்ளிக்கு வருகிறோம். எதற்காகத் துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று 1999-ல் கேட்டபோது, 49 சதவீதம் பேர் ‘வேட்டைக்கு’ என்றார்கள். ‘பாதுகாப்புக்கு’ என்றவர்கள் 26 சதவீதம் மட்டும். 2013-ல் அது அப்படியே தலைகீழ்: பாதுகாப்பு 48, வேட்டை 32! 2023-ல் 72 சதவீதம் பேர் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்றார்கள்.

ஆச்சரியம் என்ன தெரியுமா? 1990-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் வன்முறைக் குற்றங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கின்றன. ஆபத்து இறங்க இறங்க, பயம் ஏறியிருக்கிறது!

வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டேவிட் யமானே இந்த மாற்றத்தை ‘துப்பாக்கிக் கலாசாரம் 2.0’ என்ற பெயரில் ஆராய்கிறார். அவரே நடுவயதில்தான் முதன்முதலாகத் துப்பாக்கி வாங்கினார்! முதல் கலாசாரம் காட்டில் இருந்தது. இரண்டாவது கடைத்தெருவில், காரில், கைப்பையில் இருக்கிறது. அதற்குச் சட்டமும் வழிவிட்டது. 1987-ல் ஃபுளோரிடா, தகுதி இருந்தால் மறைத்து எடுத்துச்செல்லும் லைசென்ஸைத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2024-க்குள் 29 மாநிலங்களில் அந்த லைசென்ஸே தேவையில்லை என்றாகிவிட்டது!

ஒரு பயிற்சி வகுப்பில் என்ன கற்றுத்தருகிறார்கள்? எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினை. சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். நான்கே விதிகள்; நாடு முழுக்க இவற்றை மந்திரம்போல் சொல்ல வைக்கிறார்கள்.

சமூகவியலாளர் ஜெனிஃபர் கார்ல்சன் மிஷிகன் மாநிலத்துக்குப் போய், துப்பாக்கி ஏந்தும் ஆண்களோடு உட்கார்ந்து பேசினார். கார் தொழிற்சாலைகள் மூடி, வேலை போய், நகராட்சியிடம் காசில்லாமல் போலீஸ்காரர்களும் குறைந்துபோன ஊர்கள் அவை. சம்பளத்தால் குடும்பத்தைக் காத்த ஆண், அந்தச் சம்பளம் போனபின் தோட்டாவால் காக்கிறேன் என்கிறான்! ‘நானே காவலன்’ என்ற பெருமையில் அவன் இழந்த மரியாதையைத் தேடுகிறான் என்று அவர் 2015-ல் வெளிவந்த தன் நூலில் விளக்கினார். பியூ ஆய்வில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 74 சதவீதம் பேர், இந்த உரிமை தங்கள் சுதந்திர உணர்வுக்கே இன்றியமையாதது என்றது ஏன் என்று இப்போது புரிகிறதா?

புதிதாக வாங்கியவர்களில் பாதி பெண்கள்!

2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை 75 லட்சம் அமெரிக்கர்கள் வாழ்க்கையில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள். கொரோனா, வேலையின்மை, தெருப் போராட்டங்கள் என்று நாடு கலங்கிக் கிடந்த காலம். புதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். இன்னொரு ஐந்தில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. ‘கிராமத்து வெள்ளைக்கார ஆண்’ என்ற பழைய படத்தைக் கிழித்துப்போட வேண்டியதுதான்!

கம்ப்யூட்டரில் தேடக் கூடாது என்று சட்டம்!

கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைக்கிறது. நம்பரைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வந்துவிடும் என்றுதானே நினைப்போம்? சினிமாவில் வரும், நிஜத்தில் வராது! துப்பாக்கி உரிமையாளர்களின் மத்தியப் பட்டியலை அரசு வைத்திருக்கக் கூடாது என்று 1986-ல் சட்டம் போட்டுவிட்டார்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் ஓர் அலுவலகம் இருக்கிறது. நாட்டில் எங்கே குற்றத்தில் துப்பாக்கி சிக்கினாலும் போலீஸ் இங்கேதான் கேட்க வேண்டும். ஊழியர் முதலில் தயாரித்த கம்பெனிக்குப் போன் போடுவார். அவர்கள் மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார்கள். மொத்த வியாபாரி சில்லறைக் கடையைச் சொல்வார். கடைக்காரர் தன் பேரேட்டைப் புரட்டி, வாங்கியவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தைத் தேடி எடுப்பார். கடை மூடியிருந்தால்? அதன் காகிதங்கள் அத்தனையும் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க் வந்து சேரும். தண்ணீரில் நனைந்தவை, தீயில் கருகியவை, கையெழுத்து புரியாதவை! அவற்றை ஸ்கேன் செய்யலாம். ஆனால் வெறும் படமாகத்தான். பெயர் போட்டுத் தேட முடியாது. பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்க்க வேண்டும். காகிதத்தின் பாரம் தாங்காமல் தளம் இடிந்துவிடலாம் என்ற எச்சரிக்கை வந்ததால், வெளியே கார் நிறுத்துமிடத்தில் கன்டெய்னர்களில் அடுக்கிவைத்தார்கள். உலகத்தின் பெரும் தொழில்நுட்ப நாட்டில்!

சட்டென்று நான்கு!

• ஜார்ஜியா மாநிலத்தின் கென்னசா நகரில் 1982 முதல், ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம்! இல்லினாயின் மார்ட்டன் குரோவ், கைத்துப்பாக்கியைத் தடைசெய்ததற்குப் பதிலடி அது. இதைச் சொல்லி யாரையும் தண்டிப்பதில்லை.

• பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் போன்ற அடையாளம் வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆனால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு நிஜத் துப்பாக்கியின் மேல் அதிகாரமே இல்லை!

• 2012-ல் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் பலியான சாண்டி ஹூக் பள்ளி, கனெக்டிகட்டின் நியூடவுனில் இருந்தது. துப்பாக்கித் தொழிலதிபர்களின் தேசியச் சங்கத் தலைமையகம் அப்போது இருந்ததும் அதே நியூடவுனில்!

• துப்பாக்கிச் சாவுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மத்திய அரசின் நோய்த்தடுப்பு மையம் செலவிடுவதை 1996-ல் ஒரு சட்டத் திருத்தம் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. கொண்டுவந்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி. எதிரணியில் நின்றவர் மருத்துவ ஆய்வாளர் மார்க் ரோசன்பர்க். இருவரும் பின்னாளில் நண்பர்களானார்கள்! 2012-ல் இருவரும் சேர்ந்து, ஆராய்ச்சி வேண்டும் என்று எழுதினார்கள். 2020 நிதியாண்டில் 2.5 கோடி டாலர் மீண்டும் வந்தது.

துப்பாக்கி அதிகம் கொல்வது யாரை?

பள்ளியில் புகுந்து சுடுகிறவனைத்தான் நாம் செய்திகளில் பார்க்கிறோம். ஆனால் 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 46,728 பேரில், 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள்! கொலையானவர்கள் 17,927 பேர். நகரங்களில் கறுப்பின இளைஞர்கள் கொலையில் சாகிறார்கள். கிராமங்களில் வயதான வெள்ளையின ஆண்கள் தங்கள் கையாலேயே சாகிறார்கள். கூட்டத்தின் மேல் நடக்கும் துப்பாக்கிச் சூடுகள் இந்த மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு.

கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்களுக்கு இல்லாதவர்களைவிட ஏறக்குறைய 8 மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு! திருடனுக்குப் பயந்து வாங்கியது, வீட்டுக்காரரையே காவு கேட்கிறது. இதைப் படிக்கும்போது நெஞ்சு பதறாமல் இருக்குமா?

தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஓர் அலை. எழும், உச்சிக்குப் போகும், வடியும். ஒரு முயற்சியில் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளிலும் தற்கொலையால் இறப்பதில்லை. அந்தச் சில மணி நேரம் கைக்கெட்டிய தூரத்தில் துப்பாக்கி இல்லாமல் இருந்தால் போதும், ஓர் உயிர் மிஞ்சும்! (உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்களுக்கோ அப்படி ஒரு வேளை வந்தால், தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416 என்ற எண்களில் உடனே பேசுங்கள்.)

கடைக்காரரே உயிர் காக்கிறார்!

நியூ ஹாம்ப்ஷயர், 2009. ஒரே கடையில், ஒரே வாரத்துக்குள், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் துப்பாக்கி வாங்கினார்கள். வாங்கிய சில மணி நேரத்தில் மூவரும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் ஆடிப்போனார். சட்டப்படி அவர் செய்ததில் தவறு ஏதுமில்லை. ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. தற்கொலைத் தடுப்பு ஊழியர்கள், ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள், மற்ற கடைக்காரர்கள் என்று எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்!

பிறந்தது ‘கன் ஷாப் புராஜெக்ட்’. அதில் கடைக்காரர்களுக்குக் கற்றுத்தந்தது மிக எளிமையானது. துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாமல், எந்த மாடல் என்றுகூடப் பார்க்காமல், எப்படிப் பத்திரமாக வைப்பது என்று ஒரு கேள்வியும் கேட்காமல், கலங்கிய முகத்தோடு ‘ஏதாவது ஒன்று கொடுங்கள்’ என்பவரைக் கவனி. பேச்சுக் கொடு. சந்தேகம் இருந்தால் விற்காதே. வாடிக்கையாளர்களுக்குச் சுவரில் ஒரு போஸ்டர்: நண்பன் மனமொடிந்து இருந்தால், நிலைமை சரியாகும்வரை அவன் துப்பாக்கியை நீ வாங்கி வைத்துக்கொள். காலங்காலமாகச் சொல்லிவந்த பத்துப் பாதுகாப்பு விதிகளோடு இதைப் பதினோராவது விதியாகச் சேர்த்தார்கள்! முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்தபோது, அந்த மாநிலக் கடைகளில் ஏறக்குறைய பாதியில் இந்தப் போஸ்டரோ துண்டறிக்கையோ இருந்தது. பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. துப்பாக்கியைத் தற்காலிகமாக ஒப்படைக்கக்கூடிய கடைகளையும் காவல் நிலையங்களையும் காட்டும் வரைபடத்தைக் கொலராடோ இணையத்தில் போட்டிருக்கிறது.

89-ம் 89-ம்!

எப்போதும் அடித்துக்கொள்ளும் இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் உண்டா? உண்டு! மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் துப்பாக்கி வாங்குவதைத் தடுக்க வேண்டுமா என்று 2017-ல் பியூ கேட்டது. துப்பாக்கி இல்லாதவர்களில் 89 சதவீதம் ‘ஆம்’. துப்பாக்கி வைத்திருப்பவர்களிலும் அதே 89! தனிநபர் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்பதற்கு, இல்லாதவர்களில் 87, வைத்திருப்பவர்களில் 77. மேடையில் கேட்கும் கூச்சலுக்கும் வீட்டுக்குள் இருக்கும் மனதுக்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்!

அமெரிக்கத் துப்பாக்கிக்காரரை வெறி பிடித்தவர் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் இத்தனை தகவல்களும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான். அவர் பயந்திருக்கிறார், பெருமைப்படுகிறார், பாட்டன் பூட்டன் வழக்கத்தை மதிக்கிறார். அந்தத் துப்பாக்கியால் முதலில் ஆபத்துக்கு ஆளாவதும் அவரும் அவர் குடும்பமும்தான். ஆகவே அவரைச் சேர்க்காமல் இந்தச் சாவுகளைக் குறைக்க வழியே இல்லை. நியூ ஹாம்ப்ஷயர் கடைக்காரர்கள் செய்து காட்டினார்கள்: சட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை, கட்சி மாறச் சொல்லி யாரையும் கேட்கவில்லை, தம் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்டார்கள். 27,300 என்ற எண்ணைக் குறைக்கும் வேலையை நாளைக் காலையே எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் இப்படித் தொடங்கலாம்!